திறக்காத தமிழ் ஜன்னல்: திரைப்படிவக் கோப்பை ஏற்றும்போது வரும் பிழைகளைக் கையாள்வது எப்படி?

நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்து எல்லையோரக் கிராமங்களைப் பற்றி நம் இதழ் வாசகர்களில் பலருக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளையைத் தாண்டினால் கடைப் பலகைகளின் எழுத்து மாறும். வீட்டுப் பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறாது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கணிப்பொறியில் ஆங்கிலம் என்று மூன்று மொழியில் வளரும் பிள்ளைகள் அங்கே இன்றும் உண்டு.

அந்தப் பக்கத்து வாசகசாலை ஒன்றுக்கு நான் ஒரு சிறிய மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். நூல்களை இரவல் கொடுப்பதையும் திரும்ப வாங்குவதையும் பதிவு செய்யும் எளிய மென்பொருள்தான். மலையாள நூல்களுக்கு ஒரு ஜன்னல், தமிழ் நூல்களுக்கு ஒரு ஜன்னல். 'தமிழ்' என்ற பொத்தானை அமுக்கினால் தமிழ் ஜன்னல் திறக்க வேண்டும். ஐந்து மாதம் கழித்து விடுமுறையில் ஊருக்குப் போனேன். நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா என்னைக் கண்டதும் சொன்னது இது: "மக்கா, ஒனக்க மிஷினுக்குத் தமிழ் தெரியாதாக்கும். பொத்தான அமுக்குனா மலையாளந்தான் வருது."

நான் சிரித்துவிட்டேன். அடுத்து அவர் காட்டிய காகிதத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நிர்வாகக் குழு அந்த ஆண்டு வாங்க வேண்டிய நூல்களின் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அதற்காக என் மென்பொருளிலிருந்து எடுத்த அறிக்கையில் தமிழ் நூல் இரவல் ஐந்து மாதமும் பூஜ்யம். 'தமிழ் படிக்க ஆளில்லை, இந்த ஆண்டு தமிழ் நூல் வேண்டாம்' என்று குழுவில் பேச்சு எழுந்திருந்தது. தமிழ் வாசகர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். என் மென்பொருள்தான் அவர்களை இல்லாதவர்களாக ஆக்கிவிட்டது.

இந்தத் தவறு எப்படி நேர்ந்தது, அதை எப்படித் தவிர்த்திருக்கலாம் என்பதே இந்தப் பாடம். பள்ளியிலோ கல்லூரியிலோ நிரல் எழுதப் பழகும் பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து படியுங்கள்.

திரைப்படிவக் கோப்பு என்றால் என்ன?

முன்பெல்லாம் ஒரு ஜன்னலில் பொத்தான் எங்கே, எழுதும் கட்டம் எங்கே என்பதையெல்லாம் நிரலுக்குள்ளேயே வரி வரியாக எழுதினார்கள். ஒரு பொத்தானை இடம் மாற்ற வேண்டுமென்றாலும் நிரலைத் திருத்த வேண்டும். பிறகு ஜன்னலின் அமைப்பைத் தனிக் கோப்பாகப் பிரித்துவைக்கும் முறை வந்தது. அதையே நான் திரைப்படிவக் கோப்பு என்கிறேன். வீட்டு வரைபடமும் கொத்தனாரும் போல: வரைபடம் கோப்பில் இருக்கும், அதைப் படித்து நிரல் வீட்டைக் கட்டும்.

லினக்ஸ் உலகில் புழங்கும் ஜிடிகே என்ற கருவித் தொகுப்பில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஜன்னலை வரைந்து அமைக்க உதவும் கிளேடு என்ற மென்பொருளின் முதல் பதிப்பு 1998-இல் வந்தது. அது எழுதும் கோப்பைப் படிக்க லிப்கிளேடு என்ற நூலகம் பயன்பட்டது. 2007-இல் வந்த ஜிடிகே 2.12 பதிப்பில் அந்த வேலையை ஜிடிகேயே ஏற்றுக்கொண்டது. அதைச் செய்யும் பகுதிக்கு பில்டர் என்று பெயர். கோப்பு எக்ஸ்எம்எல் நடையில் இருக்கும். கோண அடைப்புக்குள் குறிச்சொற்கள், ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இனப்பெயர், ஓர் அடையாளப் பெயர், சில பண்புகள். அவ்வளவுதான்.

நெய்யாற்றின்கரைப் பிள்ளைகளுக்கு இது எட்டாத விஷயமில்லை. கேரள அரசு 2001-இல் பள்ளிகளுக்காகத் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பின்னர் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017-இல் கைட் என்ற நிறுவனமாயிற்று. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு அது தரும் லினக்ஸ் பள்ளிக் கணிப்பொறிகளில் ஓடுகிறது. ஜிடிகே, பைதான் இரண்டும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நான் எழுதியதும் பைதானில்தான்.

ஏற்றும்போது என்ன நடக்கிறது?

கோப்பை ஏற்று என்று ஒரே வரியில் சொன்னாலும் உள்ளே நான்கு படிகள் நடக்கின்றன. ஒவ்வொரு படியிலும் தனிவகைப் பிழை வரும்.

முதல் படி, கோப்பைக் கண்டுபிடித்துத் திறப்பது. கோப்பு அந்த இடத்தில் இல்லாமல் போகலாம். இருந்தும் படிக்க அனுமதி இல்லாமல் போகலாம். புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது இடம் பற்றிய பிழைதான். கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால், பயனர் எந்த அடைவிலிருந்து நிரலை இயக்குகிறாரோ அங்கேதான் கணிப்பொறி தேடும். நிரல் வைத்திருக்கும் அடைவில் தேடாது. நம் வீட்டில் சரியாக ஓடும்; மேசைத்திரைச் சின்னத்தை அமுக்கி இயக்கினால் கோப்பு இல்லை என்னும்.

இரண்டாம் படி, எக்ஸ்எம்எல் இலக்கணப்படி படிப்பது. திறந்த குறிச்சொல்லை மூடாவிட்டால் பிழை. 'அண்ட்' எனப்படும் & குறியை எழுத்துகளுக்கு நடுவே அப்படியே எழுதினால் பிழை, ஏனெனில் எக்ஸ்எம்எல்லில் அதற்குத் தனி வேலை உண்டு. அதை ஐந்து எழுத்துக் குறியீடாக மாற்றித்தான் எழுத வேண்டும். எழுத்துகள் யூடிஎஃப்-8 முறையில் இல்லாவிட்டாலும் பிழை. பில்டர் பயன்படுத்தும் எக்ஸ்எம்எல் படிப்பான் வேறு எந்த முறையையும் ஏற்பதில்லை.

மூன்றாம் படி, பொருள்களைக் கட்டுவது. இலக்கணம் சரியாக இருந்தும், ஜிடிகேக்குத் தெரியாத இனப்பெயரை எழுதியிருக்கலாம். ஒரே அடையாளப் பெயரை இரண்டு பொருளுக்கு வைத்திருக்கலாம். கோப்பு கேட்கும் ஜிடிகே பதிப்பு அந்தக் கணிப்பொறியில் இல்லாமலும் இருக்கலாம்.

நான்காம் படி, கட்டி முடித்த பொருளை நிரல் பெயர் சொல்லிக் கேட்பது. கோப்பில் ஒரு பெயர், நிரலில் வேறு பெயர் என்றால் பில்டர் பிழை என்று சொல்லாது. 'அப்படி ஒன்றும் இல்லை' என்று வெறுங்கையைக் காட்டும். நிரல் அந்த வெறுமையோடு மேலே போய், வேறெங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் தடுக்கி விழும். கோப்பு பிழையின்றி ஏறியது என்பதாலேயே எல்லாம் சரி என்று எண்ணிவிடக் கூடாது.

முதல் மூன்று படிகளில் பிழை வந்தால் ஜிடிகே ஒரு பிழைச் சீட்டைத் தருகிறது. அதில் மூன்று தகவல்கள் இருக்கும்: எந்தத் துறையைச் சேர்ந்த பிழை, அந்தத் துறையில் எந்த எண், மனிதர் படிக்கும் செய்தி. துறைகளும் மேலே சொன்ன படிகளுக்கு ஏற்பவே அமைந்துள்ளன: கோப்புத் துறை, எக்ஸ்எம்எல் துறை, பில்டர் துறை. பின்னிரண்டு துறைகளிலும் எந்த வரியில் தவறு என்பதையும் செய்தி சொல்லிவிடும். மருத்துவர் சீட்டைப் போல அதைப் படித்தாலே பாதி வேலை முடிந்தது.

நான் செய்த தவறு

நான் அந்தச் சீட்டைப் படிக்கவே இல்லை. 'தமிழ்க் கோப்பை ஏற்று. என்ன பிழை வந்தாலும் மலையாளக் கோப்பை ஏற்று' என்று எழுதியிருந்தேன். தமிழ் தேவைப்படாத வாசகசாலைகளில் தமிழ்க் கோப்பு இருக்காது, அப்போது மலையாளம் வரட்டும் என்பது என் எண்ணம். எண்ணத்தில் தவறில்லை. ஆனால் கோப்பு இல்லை என்பதும், கோப்பு இருக்கிறது ஆனால் கெட்டுப்போயிருக்கிறது என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். ஊர்ப் பையன் ஒருவன் நல்லெண்ணத்தோடு தமிழ்க் கோப்பைத் திறந்து, ஒரு தலைப்பை 'இரவல் & மீட்பு' என்று அழகாக மாற்றியிருந்தான். அந்த ஒற்றைக் குறியில் எக்ஸ்எம்எல் இலக்கணம் உடைந்தது. பிழைச் சீட்டு வரி எண்ணோடு வந்திருக்கும். என் நிரல் அதைக் கசக்கி எறிந்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மலையாள ஜன்னலைத் திறந்தது. தமிழ் நூல்களின் பட்டியல் அந்த ஜன்னலில் கிடையாது. ஆகவே பதிவும் இல்லை.

பையன் மீது எனக்குக் கோபமில்லை. உடைந்ததும் மென்பொருள் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவன் திருத்தியிருப்பான். சொல்லாத குற்றம் என்னுடையது.

அந்தக் குறியைத் திருத்திய பின்னும் கோப்பு ஏறவில்லை. இன்னொரு வரியில், பழைய ஆவணம் ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டிய சில தமிழ்ச் சொற்கள் இருந்தன. அவை பழைய எழுத்துருக் குறியீட்டில் அடித்தவை. இது தமிழருக்கே உரிய சிக்கல் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பழைய குறியீட்டுத் தமிழ்

1990-களில் தமிழில் கணிப்பொறியைப் பயன்படுத்தியவர்களுக்கு நினைவிருக்கும். ஒருவர் அனுப்பிய கடிதத்தைப் படிக்க அவருடைய எழுத்துருவையும் சேர்த்து அனுப்பச் சொல்ல வேண்டும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க இணையத் தமிழ் ஆர்வலர்கள் திஸ்கி என்ற குறியீட்டை உருவாக்கினர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாப், டாம் என்ற குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. யூனிகோடில் 1991-இலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும் அது பரவலாகப் பல ஆண்டுகள் ஆயின. தமிழ்நாடு அரசு யூனிகோடை முறையாக ஏற்று ஆணையிட்டது 2010-இல்.

பழைய குறியீடுகளில் ஒவ்வொரு தமிழ் வடிவமும் ஒரு பைட்டில் அடங்கும். யூடிஎஃப்-8 முறையிலோ தமிழின் ஒவ்வொரு குறியீட்டு எண்ணும் மூன்று பைட் எடுக்கும். அந்த மூன்றும் எப்படித் தொடர வேண்டும் என்ற கட்டுப்பாடும் உண்டு. பழைய எழுத்துகள் அந்தக் கட்டுப்பாட்டுக்கு அடங்காததால், இது யூடிஎஃப்-8 இல்லை என்று படிப்பான் கையை விரித்துவிடும். பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டுபவர்கள் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு பிறகு ஒட்டுங்கள்.

சரியான முறை

இப்போது நான் பின்பற்றும் முறையை வரிசையாகத் தருகிறேன்.

1. கோப்பு இருக்குமிடத்தை நிரல் இருக்குமிடத்திலிருந்து கணக்கிட்டு முழுப் பாதையாகக் கொடுங்கள். சி மொழியில் எழுதுபவர்கள் 2012-இல் வந்த ஜிலிப் 2.32 முதல் உள்ள வசதியைக் கொண்டு கோப்பை நிரலுக்குள்ளேயே பொதிந்துவிடலாம். அப்போது கோப்பு காணாமல் போகும் பேச்சே இல்லை.

2. பிழையைப் பிடிக்கும் வலையை, கோப்பை ஏற்றும் அந்த ஒரு வரியைச் சுற்றி மட்டும் போடுங்கள். நிரல் முழுவதையும் சுற்றிப் போட்டால் எல்லாப் பிழையும் ஒரே வலையில் விழும். எது எங்கே வந்தது என்று தெரியாது. பைதானில் ஜிலிப் பிழை என்ற வகையை மட்டும் பிடியுங்கள். சி மொழியில் பிழைச் சுட்டியை முதலில் வெறுமையாக்கிவிட்டு, ஏற்றும் செயற்கூறு திருப்பித் தரும் மதிப்பைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் பிழை.

3. கோப்பிலிருந்து நேராகப் புதிய பில்டரை உருவாக்கும் குறுக்குவழி ஒன்று ஜிடிகே 3.10 முதல் உண்டு. அதில் பிழை வந்தால் நிரலே அந்த இடத்தில் நின்றுவிடும். பைதானின் வலையில்கூட அது சிக்காது. பயனருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்த விரும்பினால், முதலில் வெறும் பில்டரை உருவாக்கிப் பிறகு கோப்பை ஏற்றுங்கள்.

4. துறையைப் பார்த்துப் பிரியுங்கள். கோப்புத் துறையில் 'கோப்பு இல்லை' என்ற பிழை மட்டுமே மாற்று மொழிக்குப் போகும் காரணமாகலாம். மற்ற எல்லாப் பிழைக்கும் நின்று சொல்ல வேண்டும்.

5. பிழையைச் சொல்லும் பெட்டியை நிரலுக்குள்ளேயே எழுதுங்கள். அதையும் ஒரு திரைப்படிவக் கோப்பில் வைத்தால், கோப்பு ஏறாதபோது அதுவும் ஏறாது. தீயணைப்பு வாளியைப் பூட்டிய அறைக்குள் வைப்பதுபோல ஆகிவிடும். செய்தி இரண்டு பகுதியாக இருக்கட்டும். முதலில் நூலகரின் மொழியில் எளிய வாக்கியம்: 'தமிழ் ஜன்னல் திறக்கவில்லை. நூல் பதிவை நோட்டில் எழுதிவையுங்கள். இதை எழுதியவருக்குத் தெரிவியுங்கள்.' அதன் கீழே கோப்பின் பெயர், வரி எண், சீட்டில் வந்த செய்தி. அதையே ஒரு பதிவேட்டுக் கோப்பிலும் எழுதுங்கள்.

6. பாதியில் நின்ற பில்டரைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். அதற்குள் அரைகுறையாகக் கட்டிய பொருள்கள் இருக்கலாம். மாற்றுக் கோப்பைப் புதிய பில்டரில் ஏற்றுங்கள். மாற்று மொழியில் ஓடுகிறது என்ற அறிவிப்பு ஜன்னலின் மேலேயே தெரியட்டும்.

7. ஏறிய பின், நிரலுக்குத் தேவையான அடையாளப் பெயர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் கிடைக்கிறதா என்று தொடக்கத்திலேயே பாருங்கள். ஒன்று குறைந்தாலும் எந்தப் பெயர் குறைகிறது என்று சொல்லி நிறுத்துங்கள்.

8. ஊருக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு கோப்பையும் சோதியுங்கள். ஜிடிகேயோடு வரும் பில்டர் டூல் என்ற கட்டளை, நிரலை இயக்காமலேயே கோப்பைச் சரிபார்த்துத் தரும். முக்கியமாக எல்லா மொழியிலும் ஒருமுறை திறந்து பாருங்கள். நமக்குப் பழகிய மொழியில் மட்டும் திறந்து பார்ப்பது நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம்.

மொழிக்கு ஒரு கோப்பு தேவையா?

உண்மையில் மொழிக்கு ஒரு திரைப்படிவம் வைத்ததே என் முதல் பிழை. படிவம் ஒன்றே போதும். அதில் மொழிபெயர்க்க வேண்டிய சொற்களைக் குறித்துவிட்டு, மொழிபெயர்ப்பைக் கெட்டெக்ஸ்ட் என்ற முறையில் தனிக் கோப்பில் வைக்கலாம். மொழிபெயர்ப்பவர் அங்கே & குறியை எழுதினாலும் படிவத்தின் எக்ஸ்எம்எல் உடையாது. இதிலும் ஒரு எச்சரிக்கை: மொழிபெயர்ப்புக் கோப்பு கிடைக்காவிட்டால் கெட்டெக்ஸ்ட் ஓசையின்றி மூலமொழியையே காட்டும். ஆகவே தமிழைத் தேர்ந்தெடுத்தபோது தமிழ்க் கோப்பு உண்மையில் கிடைத்ததா என்று நிரல்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மற்ற கருவிகளைப் பயன்படுத்துவோருக்கும் பாடம் இதுவே. க்யூடியின் படிவ ஏற்றி, பிழை வந்தால் வெறுமையைத் திருப்பித் தரும். காரணத்தை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் சாமல் கோப்புகளில் வரி எண்ணோடு விதிவிலக்கு எழும். ஆண்ட்ராய்டில் பல பிழைகள் செயலியைக் கட்டும்போதே பிடிபட்டுவிடும்; மிச்சம் இருப்பவை ஓடும்போது செயலியை நிறுத்தும். பெயர்கள் வேறு, கேள்விகள் ஒன்றே: கோப்பு கிடைத்ததா, இலக்கணம் சரியா, பொருள்கள் கட்டப்பட்டனவா, கேட்ட பெயர் இருக்கிறதா?

பிள்ளைகளுக்குப் பயிற்சி

ஒரு பொத்தானும் ஒரு தலைப்பும் மட்டும் உள்ள சிறிய படிவத்தை உருவாக்குங்கள். அதை நான்கு விதமாகக் கெடுங்கள்: கோப்பின் பெயரை மாற்றுங்கள்; தலைப்பில் & குறியைச் சேருங்கள்; பொத்தானின் இனப்பெயரில் ஓர் எழுத்தைத் தவறாக எழுதுங்கள்; அடையாளப் பெயரை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் நிரலை இயக்கி, எந்தத் துறைப் பிழை, எந்த வரி என்று நோட்டில் குறியுங்கள். நான்காவதில் பிழைச் சீட்டே வராது என்பதை நீங்களே காண்பீர்கள். அதற்கு ஏழாம் விதிப்படி சோதனை எழுதுங்கள்.

இனி வாசகசாலைக் கதையை முடித்துவிடுகிறேன். குழுவின் முன் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அக்கா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய நாற்பது பக்க நோட்டை எடுத்தார். தமிழ் ஜன்னல் வராத முதல் நாளிலிருந்தே யார் எந்தத் தமிழ் நூலை எடுத்தார், எப்போது திருப்பினார் என்று தேதியோடு எழுதிவைத்திருந்தார். "மிஷினு சரியாவும்போ ஏத்திக்கலாம்னு நெனச்சேன்" என்றார். நோட்டு கிட்டத்தட்ட நிறைந்திருந்தது.

அன்று மாலையே இருவரும் உட்கார்ந்து அத்தனை பதிவுகளையும் ஏற்றினோம். அவர் வாசித்தார், நான் அடித்தேன். புதிய அறிக்கையை எடுத்துக் குழுவிடம் கொடுத்தோம். தமிழ் நூல்கள் அந்த ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்றன.

நான் மறந்த வேலையைப் பேனாவும் நோட்டும் கொண்டு அவர் செய்திருந்தார். நடக்காததை நடக்கவில்லை என்றே எழுதிவைத்தார், விட்டுப்போனதைக் காப்பாற்றினார், கேட்டபோது எடுத்துக் காட்டினார். நாம் எழுதும் நிரலும் அந்த அளவுக்காவது நேர்மையாக இருக்க வேண்டும். ஐந்தாம் விதியில் வரும் 'நோட்டில் எழுதிவையுங்கள்' என்ற வாக்கியம் அவரிடம் கற்றதுதான்.